மைனஸ் 40 டிகிரி டீசல்

கார் மெக்கானிக் தொழிலைப் பற்றி ஒரு புலம்பல் இருபது வருடங்களாக ஓயாமல் கேட்கிறது. பழைய மெக்கானிக் பானட்டைத் திறக்காமலே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். இன்றைய பையன் ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த எண்ணைப் படித்து, புதுச் சாமானை மாட்டிவிட்டுக் காசு கேட்கிறான். கம்ப்யூட்டர் வந்தது, கைவேலை போனது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தொழிலில் எது போனது, எது வந்தது என்பதை ஏக்கத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஏதாவது ஒரு சின்னக் கோளாறை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்க அன்று என்ன தேவைப்பட்டது, இன்று என்ன தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். டீசலின் சூட்டை அளக்கும் சென்சாரும் அதற்குப் போகும் இரண்டு ஒயர்களும் இதற்குப் போதும். இடம் என்று பார்த்தால் புனேயை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. புகைச் சட்டத்துக்கு வண்டிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம், அந்தச் சட்டத்தால் பிறந்த என்ஜினைச் செய்த ஆலை, பின்னால் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற கம்பெனிகளில் பலவற்றின் தொழிற்சாலை எல்லாம் அந்த ஒரு மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

எரிபொருளின் சூடு சென்சாரோடு பிறந்த பிரச்சினை அல்ல. பிரீமியர் பத்மினி காலத்தில் பம்பாயிலிருந்து புனேக்கு வரும் கார், கோபோலி தாண்டி போர் காட் மலைப்பாதை ஏறும்போது ஏப்ரல், மே வெயிலில் நடுவழியில் நின்றுவிடுவதுண்டு. பெட்ரோல் பம்ப் என்ஜின் மேலேயே போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். என்ஜின் சூட்டில் பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் ஆவியாகும். பம்ப் அந்த ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்குமே தவிர, கார்புரேட்டருக்கு ஒரு சொட்டும் போகாது. வேப்பர் லாக் என்பார்கள். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். இந்த ஈரத்துணிதான் பழைய மெக்கானிக்கின் கைவாகுக்குச் சாட்சியாகப் பலராலும் காட்டப்படுகிறது. ஆனால் சூட்டில் நிற்கிற காரெல்லாம் வேப்பர் லாக்கில் நிற்பதில்லை. இக்னிஷன் காயிலும் கண்டன்சரும் சூட்டில் இதே மாதிரி கைவிடும். ஆறினால் இதே மாதிரி எழுந்துகொள்ளும். விவரம் தெரிந்தவர் துணியை நனைப்பதற்கு முன்னால் பிளக் ஒயரைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தார். பொறி இருந்தால், கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லி, பெட்ரோல் கொட்டுகிறதா என்று பார்த்தார். காதுக்கு இதில் வேலையே இல்லை. இதுவரை சரி, இதற்கு அப்பால் சரியில்லை என்று பாதியாகப் பிரித்துக்கொண்டே போகிற யோசனைக்குத்தான் வேலை. சத்தத்தை வைத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். டேப்பெட் சத்தத்துக்கும் பேரிங் சத்தத்துக்கும் அது போதும். நின்றுபோன வண்டி சத்தம் போடாது.

டீசல் பக்கம் கதை இன்னும் தெளிவு. 1946-ல் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் தொடங்கியது. அறுபதுகளில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி பக்கம் டாடாவின் டெல்கோவும் பஜாஜும் பஜாஜ் டெம்போவும் நிலைகொண்டன. லாரியும் டெம்போவும் தண்ணீர் இறைக்கும் என்ஜினும் பெருகிய ஊரில் டீசல் பம்ப் காலிபரேஷன் கடைகளும் வந்தன. 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் பம்புகளே அங்கே பெரும்பாலும் வரும். பம்பைக் கழற்றிக் கொண்டுவந்து பெஞ்சில் ஏற்றி, குறிப்பிட்ட வேகத்தில் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு எண்ணெய் போகிறது என்பதைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களில் பிடித்து அளப்பார்கள். பெஞ்சில் ஓடும் சோதனை எண்ணெய் 40 டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. சூடேறிய எண்ணெய் இளகும், விரியும்; அளவு காட்டுகிற குழாய் பொய் சொல்லும். ஆக, டீசலின் சூட்டைக் கணக்கில் எடுக்காமல் டீசலை அளக்க முடியாது என்பது சென்சார் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கடைகளில் தெரிந்த சங்கதி. இன்னொன்றும் தெரிந்திருந்தது: எந்தப் பம்புக்கு எந்த வேகத்தில் எத்தனை சிசி என்ற கம்பெனியின் அட்டவணை கையில் இல்லாவிட்டால் எவ்வளவு கைவாகும் வீண்.

காதையும் கையையும் மட்டும் நம்பிய பொற்காலம் என்று ஒன்று இருந்ததேயில்லை. இருந்தது ஒரு வேலைப் பிரிவினை. என்ஜினைப் பிரிக்கும் மிஸ்திரி ஒருவர். டைனமோ, செல்ஃப், ஹாரன், லைட் பார்க்கும் வயர்மேன் வேறொருவர். நம்மூரில் மெக்கானிக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அடுத்தடுத்த கடைகளில் இருந்தாற்போலத்தான் அங்கேயும். டீசல் வண்டியில் இந்தப் பிரிவினை பெட்ரோல் வண்டியை விடக் கறாரானது. பழைய டீசல் என்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. 1998 டிசம்பரில் வந்த டாடா இண்டிகாவின் 1.4 லிட்டர் டீசலிலும் எரிபொருளை அளந்து கொடுத்தது இயந்திரப் பம்ப்தான். மிஸ்திரிக்கு ஒயர் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. வயர்மேனுக்கு டீசல் தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது சட்டம். இந்திய ஆட்டோமோட்டிவ் ஆராய்ச்சிச் சங்கம், ஏஆர்ஏஐ என்று எல்லாரும் சொல்வது, 1966-ல் புனேயில் அமைந்தது. கோத்ரூட் அருகே வேதாள் குன்றின் மேல் இருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கு 1991-லும் டீசலுக்கு 1992-லும் புகை வரம்புகள் வந்தன. 2000-ல் அவை யூரோ 1 அளவுக்கு இறுகின. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஆர். ஏ. மஷேல்கர் தலைமையில் 2001-ல் அமைந்த குழு வாகன எரிபொருள் கொள்கையை வகுத்துக் கொடுத்தது. அதன்படி 2005 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 2, பதினொரு பெருநகரங்களில் மட்டும் பாரத் ஸ்டேஜ் 3 என்று ஆனது. சென்னையைப் போல புனேயும் அந்தப் பதினொன்றில் உண்டு. புனேயில் பதிவாகிற புதுக் கார் ஒரு வரம்புக்கு அடங்க வேண்டும்; சாத்தாராவில் பதிவாவது அதைவிடத் தளர்ந்த வரம்புக்கு அடங்கினால் போதும். சட்டம் போட்ட கோட்டின் உள்பக்கம் இருந்த பட்டறைகளுக்குப் புதுத் தொல்லைகள் முதலில் வந்து சேர்ந்தன.

அந்த வரம்புகளைத் தொட இயந்திரப் பம்பால் முடியவில்லை. வந்தது காமன் ரெயில். ஃபியட் குழுமத்தில் உருவாகி, போஷ் கையில் முழுமை பெற்று, 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156-ல் காருக்கு வந்த முறை அது. நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் ஆக்சென்ட் 2002-லேயே அதைக் கொண்டுவந்தது. புனே மாவட்டத்து ரஞ்சன்காவில் ஃபியட்டும் டாடாவும் கூட்டாக நடத்திய ஆலையில் தயாரான 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின், 2008-ல் இண்டிகா விஸ்டாவிலும் பிறகு புன்டோ, லீனியாவிலும் ஏறியது. இதே என்ஜினை மாருதி உரிமம் வாங்கி மானேசரில் செய்தது. இந்தியாவின் தேசிய என்ஜின் என்று வண்டிப் பிரியர்கள் அதைக் கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள். 1,400 பார் அழுத்தத்தில் டீசலை அமுக்கி, மில்லி விநாடிக் கணக்கில் வால்வைத் திறந்து மூடி, எத்தனை மில்லிகிராம் போக வேண்டும் என்பதை இசியூ என்ற கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வால்வு அளப்பது கன அளவை, எரிவதோ எடை. ஒரு டிகிரி சூடு ஏறினால் டீசல் சுமார் 0.08 சதவீதம் விரியும். 40 டிகிரிக்கு 3 சதவீதத்துக்கு மேல். அமுங்கித் தளர்ந்து திரும்புகிற டீசல் நன்றாகச் சுடும். அது ரொம்பவும் இளகினால் பம்புக்கு மசகாக இருக்க முடியாமல் பம்பையே தின்றுவிடும். அந்த நிலைமை வரும் முன் இசியூ என்ஜினின் சக்தியைக் குறைத்தாக வேண்டும். இத்தனைக்காகவும் ஒரு சென்சார். காலிபரேஷன் பெஞ்சின் தெர்மாமீட்டர் காருக்குள் குடியேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

2010 ஏப்ரலில் புனே உட்பட பதின்மூன்று நகரங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது கூடவே ஒபிடி வந்தது, அதாவது வண்டி தன்னைத் தானே சோதித்து விளக்கைப் போடும் ஏற்பாடு. அதன் முதல் கட்டம் கேட்டதைக் கவனிக்க வேண்டும். புகையோடு தொடர்புள்ள பாகங்களின் மின்சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று பார் என்றது. பாகம் நல்லதா என்பது அந்தக் கேள்வியில் இல்லை. 2013-ல் வந்த இரண்டாம் கட்டம்தான் வேலையின் தரத்தையும் ஆராயச் சொன்னது. ஆகவே திரையில் வருகிற எண் குற்றவாளியின் பெயரைச் சொல்வதில்லை. பி0182 என்றால் எரிபொருள் வெப்பநிலைச் சென்சார் சுற்றில் வோல்ட்டேஜ் குறைவு; பி0183 என்றால் அதிகம்; பி0184 என்றால் விட்டுவிட்டு வருகிறது. சுற்று என்பதில் சென்சார், அதன் கப்ளர், இரண்டு ஒயர்கள், இடையில் உள்ள மூட்டுகள், எர்த், இசியூவின் உள்பகுதி எல்லாம் அடக்கம். இவற்றில் எது என்பதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் செய்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சென்சார் என்பது சூடு ஏற ஏறத் தடை குறைகிற ஒரு சிறு மணி. போஷ் வகைகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் 320 ஓம் பக்கம். இசியூ உள்ளிருந்து ஒரு தடையின் வழியே 5 வோல்ட் அனுப்பி, சென்சாரின் தலையில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கிறது. ஒயர் அறுந்தால் முழு 5 வோல்ட்டும் தங்கும். அதை இசியூ கடுங்குளிராகப் படிக்கும். மே மாதத்துப் புனேயில், வெளியே 38 டிகிரி கொளுத்தும்போது, ஸ்கேனர் டீசல் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். சென்சார் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கப்ளரைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் மைனஸ் 40-தானா? ஆச்சரியமில்லை, சுற்று இன்னும் திறந்தே இருக்கிறது. இப்போது கப்ளரின் ஒயர் பக்கத்து இரண்டு பின்களையும் ஒரு சிறு ஒயரால் இணைக்க வேண்டும். திரையில் சூடு உச்சிக்கு ஏறினால் ஒயரும் எர்த்தும் இசியூவும் நலம், பழி சென்சார் மேல். ஏறாமல் மைனஸ் 40-லேயே நின்றால், புதுச் சென்சார் எத்தனை மாட்டினாலும் பிரயோசனமில்லை. பிளக் ஒயரைக் கழற்றிப் பொறி பார்த்தவரின் அதே யோசனைதான். சுற்றைப் பாதியாக வெட்டி, எந்தப் பாதி பொய் சொல்கிறது என்று கேட்பது.

இது சுலபமான வகை. கடினமானது எந்த எண்ணும் விழாத வகை. மழைக்காலம் முழுக்க நனைந்த கப்ளரில் பச்சை பூத்து, வழியில் 300 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். காலையில், 20 டிகிரியில், 2,500 ஓம் 2,800 ஆகும். இசியூ 17 டிகிரி என்று படிக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. டீசல் 80 டிகிரிக்குச் சூடேறியதும் 320 ஓம் 620 ஆகிறது; அது 60 டிகிரிக்குச் சற்றுக் குறைவான சூட்டுக்குரிய தடை. இருபது டிகிரி பொய். எரிபொருள் கணக்கில் ஒன்றரை சதவீதம் பிசகும். பம்பைக் காப்பாற்றச் சக்தியைக் குறைக்க வேண்டிய நேரமும் தள்ளிப்போகும். அளவு நம்பத் தகுந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால் எச்சரிக்கை விளக்கு எரியாமல் போகலாம். குளிர்ந்த வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தவர் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார். இரவெல்லாம் நின்ற வண்டியில் டீசல், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று மூன்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு வண்டியை ஓட்டிச் சூடேற்றி, சென்சார் அருகே டீசல் குழாயின் சூட்டைத் தனியாக அளந்து திரையோடு ஒப்பிடுகிறவரிடம் மட்டுமே இது பிடிபடும். இதைச் செய்ய டீசலின் குணம் தெரிய வேண்டும், ஓம் விதியும் தெரிய வேண்டும். மிஸ்திரிக்கும் வயர்மேனுக்கும் நடுவில் இருந்த சுவர் இடிந்தது இங்கேதான்.

இவ்வளவு எதற்கு, சென்சார் விலை மலிவுதானே, மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். பல பட்டறைகள் அப்படித்தான் நடக்கின்றன. புலம்புகிறவர்கள் பார்த்ததும் இதைத்தான். சில வண்டிகளில் அந்தக் கணக்கு சரியாகவும் வரும். ஆனால் இந்தச் சென்சார் வண்டிக்கு வண்டி இடம் மாறும். திரும்பும் குழாயில் இருந்தால் தனியாகக் கழற்றலாம். டீசல் ஃபில்டரோடோ உயரழுத்தப் பம்போடோ சேர்ந்து வருகிற வண்டிகளில் மாட்டிப் பார்ப்பது என்பது ஒரு பம்பையே வாங்கிப் பார்ப்பதாக முடியலாம். வாடிக்கையாளரின் காசில் ஊகத்தைச் சோதிப்பதற்குப் பழுது பார்த்தல் என்று பேர் கிடையாது. அது கம்ப்யூட்டர் உண்டாக்கிய பழக்கமும் இல்லை. காயிலா கண்டன்சரா பாயிண்டா என்று பார்க்காமல் மூன்றையும் மாற்றிய மெக்கானிக்குகள் பத்மினி காலத்திலும் உண்டு. நினைவில் தங்குவதென்னவோ கெட்டிக்காரர்கள் மட்டும்தான்.

கைத்திறமை சாகவில்லை என்றால் பிறகு என்னதான் போனது? காகிதம் போனது. அந்தக் காலத்து அட்டவணை காலிபரேஷன் கடைவரை வந்துவிட்டது. புதிய வண்டியில் எந்தப் பின் எந்த ஒயருக்கு, எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம், எந்த மூட்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்ற விவரமும், கம்பெனிக்கென்றே ஆன ஸ்கேனரும் டீலர் வாசலைத் தாண்டவில்லை. பொதுவான எண்களை எந்தச் சாதாரண ஸ்கேனரும் படிக்கும்; அவற்றுக்குப் பின்னால் இருக்கிற படமும் பட்டியலும்தான் பூட்டிக் கிடந்தன. இது பட்டறைக்காரர்களின் மனக்குறை மட்டுமல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பதினான்கு கார் கம்பெனிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்தது குற்றம் என்றது. வெளியே சர்வீஸ் செய்தார்கள் என்பதற்காக மட்டும் வாரன்டியை ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. மெர்சிடிஸ் பென்ஸ், ஃபோக்ஸ்வாகன், ஃபியட், ஜெனரல் மோட்டார்ஸ் என்று புனே வட்டாரத்தில் ஆலை வைத்த வேறு பெயர்களும் பட்டியலில் இருந்தன. அபராதம் பற்றிய சர்ச்சை மேல் மன்றங்களுக்குப் போனது.

கம்பெனிகள் சொன்ன மறுப்பு அலட்சியமாகத் தள்ளக்கூடியதல்ல. பயிற்சியில்லாத கையும் போலிப் பாகமும் உயிருக்கே ஆபத்து. எங்கள் வடிவமைப்பு எங்கள் அறிவுச் சொத்து. 1,400 பார் அழுத்தமுள்ள குழாயை ஓடுகிற என்ஜினில் தளர்த்துகிறவன் கையை இழக்கலாம் என்பது உண்மை. ஆனால் விவரத்தை மறைத்தால் தனிப் பட்டறைக்காரர் அந்தக் குழாயைத் தொடாமல் விட்டுவிடுவாரா? தொடுவார், தெரியாமல் தொடுவார். ஆபத்தைக் காட்டி அறிவை மறைப்பது ஆபத்தைக் கூட்டுகிறதே ஒழியக் குறைப்பதில்லை. இரண்டு ஒயர் சென்சாரின் ஓம் அட்டவணையை அறிவுச் சொத்து என்பது அதைவிடப் பலவீனமான வாதம். அந்த மணியைப் பனிக்கட்டியிலும் வெந்நீரிலும் முக்கி மல்டிமீட்டர் வைத்தால் யாரும் அதை எழுதிக்கொள்ளலாம். ஆணையம் இந்த இரு வாதங்களையும் ஏற்கவில்லை.

உண்மையான இழப்பு ஒன்று உண்டு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். முன்பு பட்டறையில் சேர்ந்த பையன் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றான். குருநாதரின் கை எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. மின்சுற்றைப் பிரித்து யோசிப்பது கண்ணுக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் நம் பட்டறைகளில் குறைவு. ஐடிஐ படிப்பு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் பாதிப் பட்டறை அந்த வாசலை மிதிக்காதவர்களால் நடக்கிறது. கையேடு கிடைத்தாலும் அது ஆங்கிலத்தில்; புனே நாணா பேட்டின் கடைக்காரருக்கு மராத்தியில் இல்லை, சென்னைப் புதுப்பேட்டைக்காரருக்குத் தமிழில் இல்லை.

ஐரோப்பா தன் புகை வரம்புகளை எழுதிய அதே சட்டத்தில், 2007-ன் 715 ஆம் எண் ஒழுங்குமுறையில், பழுதுபார்க்கும் விவரங்கள் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று எழுதியது. நாம் வரம்புகளைப் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்துக்கொண்டோம். விவரத்துக்கான உரிமையைக் கேட்கப் போட்டி ஆணையத்தின் படியேற வேண்டியிருந்தது. பழுதுபார்க்கும் உரிமைக்காக நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்ததும் 1.3 மல்டிஜெட் நின்றுபோனது. மின்சாரக் காருக்கு டீசல் சென்சார் தேவையில்லை. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே ரஞ்சன்காவ் ஆலையில் இன்று, மின்சார வகையும் உள்ள டாடா நெக்ஸான் உருவாகிறது. மின்சாரக் கார்களின் பேட்டரிப் பெட்டிக்குள் செல்களின் சூட்டை அளப்பதும் சூடு ஏறத் தடை குறைகிற அதே மணிகள்தான், ஒன்றல்ல, பல. புகைச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுவரும் கம்பெனி அதன் ஒயரிங் படத்தையும் சென்சார் அட்டவணையையும் பொதுவில் வைத்தால்தான் ஒப்புதல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அரசு அதைச் செய்ய வேண்டும்.